சந்திரனில் நின்ற சாட்சித்திட்டு

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேண்டுமென்றால் வற்றாப்பளை அம்மன் வாசலிலும், தண்ணீரூற்றுப் பள்ளிவாசல் படியிலும், முல்லைத்தீவு மாதா கோயில் முற்றத்திலும் தனித்தனியே நின்று சத்தியம் செய்யலாம். மூன்று இடத்துக்கும் சைக்கிளில் ஒரே நாளில் போய்வந்துவிடலாம் என்பதால் அதில் ஒரு சிரமமும் இல்லை. கூட்டிச் சொன்னது எதுவுமில்லை. குறைத்துச் சொன்னது சில உண்டு. அவை யஹ்யாவின் வாயிலிருந்து வந்தவை. அச்சில் ஏற்ற முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் ஆண்டு ஆவணி மாதம். தண்ணீரூற்றுக்கு மேற்கே காட்டோரம் கிடக்கிற கரடிபுரண்டான் குளம் அந்த வருடம் வற்றிய வற்றலில், சேற்றுக்குள் புதைந்து கிடந்த விரால் மீன்கள் இருமுவது குளக்கட்டில் நின்றவர்களுக்குக் கேட்டது. குளம் வற்றினால் கட்டுக்கு மண் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். குளத்துத் தண்ணீரில் பங்குள்ள ஒவ்வொரு கமக்காரனும் தன் வயலின் அளவுக்குத் தக்கபடி குளத்தின் வயிற்றில் மண் வெட்டிக் கட்டில் கொட்ட வேண்டும். கொட்டிய மண் அடுத்தவன் மண்ணோடு கலந்துவிடும். ஆகவே அளப்பது கட்டையல்ல, வெட்டிய குழியை.

அதற்கு ஒரு முறை இருந்தது. குழியின் நடுவில் ஒரு திட்டை வெட்டாமல் விட வேண்டும். அதன் தலையில் பழைய புல் அப்படியே நிற்க வேண்டும். புல்லிலிருந்து குழியின் அடிவரை கோல் பிடித்தால், அவன் எத்தனை அடி வெட்டினான் என்பது தெரிந்துவிடும். ஊரில் அதற்குச் சாட்சித்திட்டு என்று பெயர். திட்டின்மேல் இரண்டு கூடை மண்ணை வைத்து உயரம் காட்டுகிற கெட்டிக்காரர்களும் இருந்தார்கள். அவர்களைப் புல் காட்டிக்கொடுத்துவிடும். திட்டு இல்லாத குழி கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாதவனுக்கு வருகிற கோடைச் சிறுபோகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.

யஹ்யாவுக்கு அந்தக் குளத்தின் கீழே மூன்று ஏக்கர் இருந்தது. மாரியில் மழை பார்த்துக்கொள்ளும். சிறுபோகத்துக்குக் குளத்தைவிட்டால் வேறு கதியில்லை. அதனால் அவர் பதினொரு நாள் வெட்டினார். இருபதடிக்கு இருபதடி, ஆழம் நாலடி. அவர் வெட்டிய வேகத்தில் மண்வெட்டி சூடேறி, சாப்பாடு கொண்டுவந்த மனைவி கைருன்னிஸா அதன்மேல் ரொட்டி சுட்டாள். ஒரு பக்கம் சற்றுக் கருகிவிட்டது என்று அவளே பிற்பாடு ஒத்துக்கொண்டதால் இதில் சந்தேகப்பட இடமில்லை. நடுவில் அவர் விட்ட திட்டு, நான்கு பக்கமும் நூல் பிடித்தாற்போல, தலையில் புல்லோடு, புதிதாக முடி வெட்டிய மாப்பிள்ளை மாதிரி நின்றது.

அளக்கிற நாள் காலையில் போய்ப் பார்த்தால் மாப்பிள்ளை விழுந்து கிடந்தார்.

திட்டு அடியோடு சரிந்து, புல்லெல்லாம் கீழே மிதிபட்டுக் கிடந்தது. சுற்றிவரப் பிளந்த குளம்புகளின் தடம். சரிந்த மண்ணில் சேறு அப்பி, அதில் கறுத்த முரட்டு மயிர் நாலைந்து ஒட்டியிருந்தது. எருமையொன்று இரவில் வந்து உரஞ்சு உரஞ்சென்று உரஞ்சியிருக்கிறது என்பது கண்ணில்லாதவனுக்கும் தெரியும். ஆனால் நீர்ப்பாசனத் திணைக்களக் கந்தோரிலிருந்து அளவுகோலோடு வந்த ஓவசியருக்குத் தெரிந்தது வேறு. வெள்ளைக் களிசான் காலில் மண் படாமல் குழியின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். திட்டு எங்கே என்றார். இல்லை என்றார்கள். அப்படியென்றால் இது புதிதாக வெட்டிய குழியல்ல, எருமை புரண்டு புரண்டு உண்டான பழைய பள்ளம் என்று சொல்லி, கொப்பியில் யஹ்யாவின் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்தார்.

யஹ்யாவுக்குக் கோபம் வந்தால் கட்டிலிருக்கிற கொக்குகள் அக்கரைக்கு மாறி உட்காரும். அன்று அவை அடுத்த குளத்துக்கே போய்விட்டன.

"பதினொரு நாள் நான் முதுகு முறிய வெட்டினது, உங்களுக்கு எருமை புரண்ட பள்ளமோ?" என்றார்.

ஓவசியர் கொப்பியை மூடினார். பக்கத்தில் நின்ற கதிர்காமநாதன் மெல்லத் தொண்டையைச் செருமினார். அவர் பயிர்ச்செய்கைக் குழுவின் தலைவர். குளத்துத் தண்ணீரைப் பங்கிடுகிற விதானைப் பதவியை அரசாங்கம் எடுத்து ஏழு வருடமாகியும் ஊருக்கு அவர் இன்னும் விதானையார்தான். நிதானமான மனிதர். ஒரு வசனத்தைத் தொடங்கினால் முடிக்க அரை மணித்தியாலம் எடுக்கும்.

"யஹ்யா நானா, அந்த எருமை வந்து..."

"அந்த எருமையைத்தான் நானும் கேக்கிறன். ஆரின்ர எருமை? மாட்டைக் கட்டிவைக்கத் தெரியாத எந்த மானங்கெட்டவன் இந்த ஊரில இருக்கிறான்? இவ்வளவு பேர் நிக்கிறியள். ஒரு ஆள் வாயைத் திறந்து சொல்லுங்கோ பாப்பம்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் காலால் மண்ணைக் கிளறினார். இன்னொருவர் வானத்தைப் பார்த்து மழை வருமோ என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். குற்றம் செய்தவனை ஊரே சேர்ந்து மறைக்கிறது என்பது யஹ்யாவுக்கு அந்த நிமிஷத்திலேயே விளங்கிவிட்டது. விதானையார் மறுபடி வாயைத் திறந்தார். யஹ்யா அதற்குள் பாதி வழி போய்விட்டார்.

வீட்டில் கைருன்னிஸா குசினி அடுப்படியில் தயிர்ச் சட்டிகளின் வாயில் துணியால் வேடு கட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் யஹ்யா முதலிலிருந்து கடைசிவரையும், பிறகு கடைசியிலிருந்து முதல்வரையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "இஞ்சாருங்கோ, நான் ஒண்டு சொன்னாக் கோவிக்கக் கூடாது" என்றாள்.

தான் ஏற்கெனவே கோபத்தில் இருப்பதாகவும், அதற்குமேல் கோபிக்க உடம்பில் இடமில்லை என்றும், சொல்வதாக இருந்தால் நாளைக்குச் சொல்லும்படியும் யஹ்யா சொன்னார். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த சட்டிக்கு வேடு கட்டினாள்.

அந்த நேரத்தில்தான் மரியநேசன் வந்தான். முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவந்து வீடு வீடாக விற்பவன். ஐந்தாறு மாதத்துப் பழைய பத்திரிகையில் சுற்றிய பாரைக் கருவாட்டைக் கதிரையில் வைத்தான். கைருன்னிஸா கருவாட்டை எடுத்துக்கொண்டு கடதாசியை எறியப் போனாள். யஹ்யா அதை வெடுக்கென்று பறித்தார்.

கடதாசியில் ஒரு படம் இருந்தது. வட்டமான பெரிய குளம். சுற்றிவரக் கட்டு. நடுவில், ஐயமில்லாமல், ஒரு திட்டு.

"எந்த ஊர்க் குளம் இது?" என்றார் யஹ்யா.

மரியநேசன் தலையைச் சரித்துப் பார்த்தான். "அது குளமில்லை நானா. சந்திரன். அமெரிக்காக்காரன் ஒரு யந்திரத்தை அனுப்பி, அது போய் இடிபடுகிறதுக்கு முன்னம் எடுத்த படங்களெண்டு கரையில வாசிச்சவங்கள். எனக்கெண்டா நண்டு கிளறின வளை மாதிரித்தான் கிடக்கு."

எங்கே இருந்தாலென்ன, மண்வேலை மண்வேலைதான். யஹ்யா கடதாசியை மடியில் விரித்து, குற்றம் கண்டுபிடிக்கப் போன ஓவசியரைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். கட்டின் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் நீண்ட சரிவு. போட்டவன் வேலை தெரிந்தவன். உள்சுவர் படிப்படியாக இறங்கியிருந்தது. கூடை சுமக்கிறவர்கள் ஏறுவதற்கு விட்ட படிகள். அடி, நெல் காயப்போடலாம் போல மட்டமாக இருந்தது. வெளியே நாலாபக்கமும் வெள்ளைக் கோடுகள் ஓடின. ஓட்டைக் கூடையில் மண் சுமந்து வழியெல்லாம் சிந்தியிருக்கிறார்கள். தூரத்தில் சின்னச் சின்னக் குழிகள்: கால் ஏக்கர், அரை ஏக்கர்க்காரர்களின் பங்கு. ஒரு அயோக்கியன் கட்டின் உச்சியிலேயே குழி பறித்திருந்தான். அதைக் கண்டதும் யஹ்யா படத்தை விரலால் குத்தினார். தண்ணீர் திறக்கத் துருசு இல்லை, மிஞ்சிய தண்ணீர் வழிய வான் இல்லை. மாரி வந்தால் முழுக் கட்டும் போகும்.

"அங்க மழை இல்லையாம்" என்றான் மரியநேசன்.

படத்தின் கீழே இருந்த எழுத்தில் பாதியைக் கருவாட்டெண்ணெய் குடித்துவிட்டது. மிஞ்சியதை யஹ்யா எழுத்துக்கூட்டி வாசித்தார். குறுக்கே ஐம்பது மைலுக்கு மேல். அதாவது இந்தக் கரை தண்ணீரூற்று என்றால் மறுகரை யாழ்ப்பாணம். அது அவரைப் பாதிக்கவில்லை. பங்காளர் கூடினால் குளமும் கூடும். ஆழம் மூன்று மைல். நடுவிலிருப்பதன் உயரம் ஏறக்குறைய ஒரு மைல். அந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். மறுபடி வாசித்தார்.

"மரியநேசன், ஆழம் மூண்டு மைல். திட்டு ஒரு மைல். மிச்சம் ரெண்டு மைல் எங்க?"

மரியநேசன் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தான்.

"தலையை வெட்டிப்போட்டாங்கள். அங்கையும் வெட்டிப்போட்டாங்கள்" என்றார் யஹ்யா. தன் குழியைப்போலவே நியாயம் கிடைக்காத இன்னொரு குழி, எல்லோரும் பார்க்கும்படி வானத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்க ஒரு நாதியில்லை. தன் நாலடிக்கே இவ்வளவு வயிறு எரிகிறதென்றால், மூன்று மைல் வெட்டியவனுக்கு எப்படி எரிந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் அவர் கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெரிய தயிர்ச் சட்டியொன்றைச் சைக்கிளில் கட்டி, நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போனார். தயிர் கைலஞ்சமல்ல, பெரிய மனிதரிடம் வெறுங்கையோடு போவது மரியாதையில்லை என்பதற்காக. எஞ்சினியர் இளம் ஆள். கொழும்பில் படித்துவிட்டு வந்து, வன்னியில் குளங்களைத் தவிரப் பேச ஒன்றுமில்லாமல் வாடிப்போய் இருந்தவர். முறைப்பாட்டை அரைக் காதால் கேட்டார். படத்தை மேசையில் விரித்ததும் முழு ஆளும் எழும்பிவிட்டார்.

அதை யாரும் வெட்டவில்லை என்றார் அவர். எரிமலை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்; தான் கல் கட்சி. வானத்திலிருந்து ஒரு பெருங்கல், ஒரு கண்சிமிட்டலில் பல மைல் ஓடுகிற வேகத்தில் வந்து மோதியிருக்கிறது. மோதியதும் கல் பொடிப்பொடியாகப் போய்விட்டது; குழி மட்டும் மிச்சம். யஹ்யா நம்பாத முகத்தோடு நின்றதால், எஞ்சினியர் தயிர்ச் சட்டியின் வேட்டை அவிழ்த்து, மேசையில் கடதாசி பறக்காமல் வைத்திருந்த கூழாங்கல்லை எடுத்து, கதிரையில் ஏறி நின்று, தயிருக்குள் போட்டார்.

நல்ல கட்டித் தயிர். கல் விழுந்த இடத்தில் வட்டமாகக் குழி விழுந்து, சுற்றிவர விளிம்பு எழும்பி, அப்படியே நின்றது. தெறித்த தயிர், கோப்போடு அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த ஓவசியரின் வெள்ளைச் சட்டையிலும் முகத்திலும் கோடு கோடாக விழுந்தது. எஞ்சினியர் அவரைத் துடைக்கவிடவில்லை. அளவுகோலால் அவருடைய நெஞ்சைத் தொட்டுக்காட்டி விளங்கப்படுத்தினார். பக்கத்தில் விழுந்த மண் கட்டாகும். கொஞ்சம் தூரத்தில் கட்டியாக விழுவது சின்னக் குழிகளைத் தோண்டும். இன்னும் தூரத்துக்குத் தூளாய்ப் பறப்பதுதான் இந்த வெள்ளைக் கோடு. உள்சுவர் நிற்க மாட்டாமல் சரிந்து இறங்கியதுதான் படிகள். கட்டின்மேலிருக்கிற குழி யாரும் களவாக வெட்டியதல்ல. பிற்பாடு விழுந்த இன்னொரு கல். அங்கே மழையோ காற்றோ இல்லாததால் எல்லாம் விழுந்தது விழுந்தபடி கிடக்கிறது.

"நடுவில திட்டு?" என்றார் யஹ்யா. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

எஞ்சினியர் தண்ணீர் நிறைந்த கிளாசை இழுத்து, விரலில் தோய்த்த ஒரு சொட்டை மேலிருந்து விட்டார். விழுந்த இடம் குழிந்தது. அடுத்த கணம் குழியின் நடுவில் ஒரு சிறு தூண் எழும்பி அடங்கியது. பெரிய அடி விழுந்தால் பாறையும் தண்ணீர் மாதிரித்தான், அமுங்கிய அடித்தளம் திருப்பி மேலே எழும்பும், தண்ணீர் அடங்கிவிடும், பாறை அடங்குவதற்குள் இறுகிவிடும் என்றார். அது தானாக எழும்பியது. அதனால்தான் கட்டளவு உயரமில்லை. யாரும் தலையை வெட்டவில்லை.

யஹ்யா குனிந்து, கிளாசுக்குள் அடங்கிய தண்ணீரைப் பார்த்தார்.

"ஐயா, நடுவில திட்டு நிக்குது."

"ஓம்."

"ஆனா ஒரு மனிசனும் வெட்டேல்லை."

"ஓம், ஒருத்தரும் வெட்டேல்லை."

"அப்ப ஐயா, திட்டு இருக்கிற குழி மனிசன் வெட்டாததாயும் இருக்கலாம். அப்பிடியெண்டாத் திட்டு இல்லாத குழி மனிசன் வெட்டினதாயும் இருக்கலாம்தானே? சந்திரனில ஒரு கல்லு வந்து விழுந்து, தானே கட்டுப் போட்டு, தானே படி வெட்டி, தானே திட்டும் விட்டிட்டுப் போகுமாம். அதை நீங்கள் நம்புவியளாம். பதினொரு நாள் வெட்டின நான் உங்களுக்கு எருமையாம்."

எஞ்சினியர் ஓவசியரைப் பார்த்தார். ஓவசியர் மூக்கிலிருந்த தயிரைத் துடைத்தார்.

அன்று பின்னேரமே எஞ்சினியர் ஜீப்பில் குளத்துக்கு வந்தார். ஊர் முழுவதும் கட்டில் கூடியது. அவர் குழியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கயிற்றை இறுக்கிக் கட்டச் சொன்னார். இரண்டு கரையிலும் பழைய புல் நின்றது. கயிற்றிலிருந்து அடிவரை கோல் பிடித்தார். ஐந்து இடத்தில் அளந்தார்; ஐந்திலும் நாலடி. ஒரு மூலையில் நாலடியும் இரண்டு அங்குலமும். எருமை புரண்டால் மூலை வராது என்று அவர் சொன்னபோது, சாகும்வரை மறக்கக்கூடாத வசனம் என்று யஹ்யா அதை மனதில் வைத்துக்கொண்டார். கொப்பியில் இருந்த கோட்டை ஓவசியர் தன் கையாலேயே அழித்தார். சிறுபோகத் தண்ணீர் யஹ்யாவின் மூன்று ஏக்கருக்கும் உண்டு என்றாகியது.

கயிறு கட்டி அளக்கலாம் என்பது அத்தனை தலைமுறையாக ஒருவருக்கும் தோன்றாதது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவனே அல்லவா பதிலும் சொல்ல வேண்டும்.

நியாயம் கிடைத்த மனிதன் வீட்டுக்குப் போக வேண்டும். யஹ்யா போகவில்லை. தண்ணீர் கிடைத்தது சரி, தன் திட்டை விழுத்தியவனுக்குத் தண்டனை எங்கே என்றார். இன்றைக்கு எனக்கு நடந்தது நாளைக்கு ஒரு விதவைக்கு நடந்தால் அவள் எந்தச் சந்திரனைக் கொண்டுபோய்க் காட்டுவாள் என்று கேட்டார். கூட்டம் மறுபடி தரையைப் பார்த்தது. எஞ்சினியருக்கு அது நியாயமாகவே பட்டது. என்ன தண்டனை வேண்டும் என்று கேட்டார்.

"எருமைக்காரன் ஆராயிருந்தாலும் சரி, முதல் மழைக்கு முன்னம் இதேயளவு குழி இன்னொண்டு தனியாளா வெட்டி, இந்தக் கட்டில கொட்ட வேணும்" என்றார் யஹ்யா. "ஒரு கூடை குறைஞ்சாலும் அவனுக்குத் தண்ணி இல்லை எண்டு எழுதுங்கோ. ஊருக்குப் புத்தி வரட்டும்."

விதானையார் கதிர்காமநாதன் முன்னுக்கு வந்தார். "ஐயா, இதில ஒரு சின்ன விஷயம் இருக்கு. அந்த எருமை வந்து..."

"இவர் ஆரையோ காப்பாத்தப் பாக்கிறார், ஐயா. நேத்தும் இப்பிடித்தான் இழுத்தவர்" என்றார் யஹ்யா.

"நான் ஒருத்தரையும் காப்பாத்தேல்லை, நானா. நான் சொல்ல வந்தது..."

"சொல்ல வேண்டாம். எழுத்தில வரட்டும்."

எஞ்சினியர் ஜீப்பின் மூடியில் கடதாசியை வைத்து எழுதினார். உரத்து வாசித்தும் காட்டினார். யஹ்யா இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார்: 'வெட்டலாம்' என்றிருந்ததை 'வெட்டியே ஆக வேண்டும்' என்றும், 'மழைக்கு முன்' என்றிருந்ததைப் 'புரட்டாதி முடிவதற்குள்' என்றும். விதானையார் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். ஓவசியர் போட்டார். முறைப்பாட்டுக்காரன் போட வேண்டிய இடத்தில் யஹ்யா தன் முழுப் பெயரையும், தகப்பன் பெயரையும், ஊரையும் எழுதி, பேனை கடதாசியைக் கிழிக்கும்வரை அழுத்தி அடிக்கோடிட்டார். பிறகு நிமிர்ந்து, இரண்டு நாளாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை முகங்களையும் ஒருமுறை வலம்வரப் பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அந்த வருடம் கரடிபுரண்டானில் எருமை வைத்திருந்தவர் யஹ்யா ஒருவர்தான்.